தலைவர் கடலிலிருந்து எழுகிறார்

புதுப் படத்தின் போஸ்டர் வந்தால் நாமெல்லாம் கதாநாயகி யார் என்று பார்ப்போம். இவர் முதுகுத் தகடுகளைப் பார்ப்பார். போனைக் கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் பிடித்து, விரலால் படத்தைப் பெரிதாக்கி, “மேப்பிள் இலை வடிவத்துக்கே திரும்பிட்டாங்க, 54-ல இருந்த அதே வெட்டு” என்று கண் கலங்குவார். 2014 படத்தில் தலைவர் காட்ஜில்லாவின் தகடுகள் வெறுமனே கூர்கூராக இருந்ததும், 2019-இல் அந்தக் குறை சரிசெய்யப்பட்டதும் அவர் வாழ்க்கையில் முறையே ஒரு துக்கம், ஒரு சுபகாரியம்.

காட்ஜில்லா ரசிகரை ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெரும்பாலும் கணக்கு, தணிக்கை, இன்ஷூரன்ஸ் என்று எண்களோடு புழங்குகிற உத்தியோகம். மேஜை இழுப்பறையில், ஸ்டேப்ளருக்குப் பின்னால், ஒரு ரப்பர் பொம்மை வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருக்கும். கேட்டால் பையனுடையது என்பார். பையனுக்குக் கிரிக்கெட்தான் பிடிக்கும்.

இவரிடம் மறந்தும் கேட்கக் கூடாத கேள்வி, “அது எவ்வளவு உயரம் சார்?” என்பது. “எந்த வருஷத்துல?” என்று திருப்பிக் கேட்பார். அத்தோடு உங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. 1954-இல் 50 மீட்டர். அன்றைய டோக்கியோக் கட்டடங்களுக்கு மேலே தலை தெரிய அது போதும். பிறகு ஊர் வளர்ந்தது, கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. தலைவர் அவற்றின் இடுப்பளவுக்கு நின்றால் மரியாதையா? ஆகவே 1984-இல் 80, 1991-இல் 100, 2016-இன் ‘ஷின் காட்ஜில்லா’வில் 118.5. அந்த அரை மீட்டரைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பணிவு வரும். “2017-ல முப்பது மீட்டர் சொச்சம் இருந்த கிங் காங் 2021-ல நூறைத் தாண்டினானே, அது எப்படி?” என்று மடக்கிப் பாருங்கள், மடங்க மாட்டார். “முதல் கதை நடக்கிறது 1973-ல சார். அவன் இன்னும் வளர்ற பிள்ளைன்னு அப்பவே படத்துல சொல்லிட்டாங்க.”

ஜப்பானிய ரசிகர்கள் சிலர் 2014 காட்ஜில்லாவைப் பார்த்துவிட்டு, அமெரிக்கச் சாப்பாட்டில் குண்டாகிவிட்டார் என்று கேலி செய்தார்கள். இதை அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். “அது சதை இல்ல, கம்பீரம்” என்றவர் அன்று மாலை வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

பி.எஸ்சி. இயற்பியல் படித்த சக ஊழியர் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அவர் வந்து உட்கார்ந்துகொண்டு, “உயரம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்காகும், ஆனா எலும்போட குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும். நூறு மீட்டர் மிருகம் எழுந்து நின்னாலே காலு நொறுங்கிடுமே?” என்பார். நியாயமான கேள்வி, கலீலியோ காலத்துச் சமாசாரம். நம்மவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். “போன வாரம் ஒரு படம் பார்த்தீங்களே, ஹீரோ ஒரு உதை விட்டதும் பன்னிரண்டு பேர் டாடா சுமோவோட பறந்தாங்களே, அப்ப நீங்க விசில்தானே அடிச்சீங்க?” என்பார். இயற்பியல் எழுந்து தன் சீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் இவரை எதையும் நம்பும் வெள்ளந்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கதிர்வீச்சை மூச்சாக விடும் பல்லியை நம்புவார். விண்வெளியிலிருந்து வந்த மூன்று தலை நாகத்தை நம்புவார். 1971 படத்தில் தலைவர் தன் கதிர்மூச்சையே பின்பக்க விசையாக்கி வாலைச் சுருட்டிக்கொண்டு பறந்ததையும், 1973-இல் வாலாலேயே தரையில் சறுக்கி வந்து இரண்டு காலால் உதைத்ததையும் நம்புவார். அவரால் நம்ப முடியாதது, அதே படங்களில் மனிதர்கள் செய்யும் காரியங்களைத்தான். “அந்தம்மா உலகத்தோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு அதுக்குள்ள எப்படி வந்தா? விசா வேண்டாமா? பொண்ணு பள்ளிக்கூடம் போகாதா?” என்று கொதிப்பார். 2014 படத்தின் மேல் அவருக்கு ஆறாத வழக்கு ஒன்று உண்டு. இரண்டு மணி நேரப் படத்தில் தலைவர் முகம் காட்டுவது பத்து நிமிடம்கூட இல்லை. அதிலும் சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் பாதுகாப்பு அறைக் கதவு மூடிக்கொள்கிறது. நாம் கதவுக்கு இந்தப் பக்கம், மனிதர்களோடு. “காசு கொடுத்தவன் நான். என் மூஞ்சில கதவைச் சாத்தறாங்க!”

ஆகவே தியேட்டரில் அவர் ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறார். விஞ்ஞானி தன் பிரிந்துபோன மனைவியிடம் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தால் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார். கடலில் நுரை கிளம்பும் நொடிக்குச் சரியாக சீட்டில் இருப்பார். ஆங்கிலத்தில் பார்ப்பதா, தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா என்ற குழப்பமும் கிடையாது. அமெரிக்கத் தளபதி மெட்ராஸ் பாஷை பேசினால் அவருக்கென்ன? டப்பிங் படத்தில் சொந்தக் குரலில் பேசும் ஒரே நடிகர் காட்ஜில்லாதான்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் கேட்கத்தான் வேண்டும். மிருகக்காட்சி சாலைக் குரல்களையெல்லாம் பதிவு செய்து பார்த்து ஒன்றும் சரிப்படாமல், இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே ஒரு டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த சத்தம் அது. அடுத்தது ஹருவோ நகாஜிமா. 1954-இலிருந்து 1972 வரை அந்த உடுப்புக்குள் இருந்த மனிதர். முதல் உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ; ஸ்டுடியோ விளக்கு வெயிலில் உள்ளே வெந்துகொண்டே நடக்க வேண்டும். அதற்காக விலங்குக் காட்சி சாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படிக் கால் வைக்கின்றன என்று பார்த்துக் கற்றுக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது நம்மவர் எழுந்து, அக்கவுண்ட்ஸ் செக்ஷனின் இரண்டு மேஜைகளுக்கு நடுவே அந்த நடையை நடந்தே காட்டிவிடுவார். குதிகால் முதலில், பிறகு தோள். நன்றாகவே இருக்கும் என்பதுதான் சங்கடம்.

பகையும் உண்டு. 1998-இல் ஹாலிவுட்டில் ஒரு படம் எடுத்தார்கள். அதன் பெயரை அவர் சொல்ல மாட்டார். ‘அந்த உடும்பு’ என்பார். மீன் தின்னும், ஓடி ஒளியும், கடைசியில் பாலத்துக் கம்பியில் மாட்டி ஏவுகணையில் செத்தும் போகும். ஏவுகணையில் சாவதாவது! தலைவரைப் படைத்த டோஹோ நிறுவனமே 2004-இல் அதற்கு ‘ஜில்லா’ என்று பெயரைக் கத்தரித்து, ‘ஃபைனல் வார்ஸ்’ படத்தில் சிட்னிக்கு வரவழைத்து, அசல் தலைவர் கையால் ஓபரா ஹவுஸ் மேலேயே சுருட்டிப் போட வைத்தது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்கிரிமென்ட் வராத மாதங்களில் நம்மவர் அந்தத் துண்டைப் போட்டுப் பார்ப்பார்.

1962-இன் காங் – காட்ஜில்லா மோதலைப் பற்றி யாராவது, “ஜப்பான் பிரின்ட்ல காட்ஜில்லா ஜெயிக்கும், அமெரிக்கா பிரின்ட்ல காங் ஜெயிக்கும்” என்று அளந்தால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். இரண்டிலும் காங்தான் நீந்திப் போகிறான். தன் கட்சி தோற்றதை உரக்கச் சொல்லி நிரூபிக்கும் ஒரே ரசிகர் கூட்டம் இவர்களுடையதாகத்தான் இருக்கும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு 59 வருஷம் கழித்து 2021-இல் ஹாங்காங்கில் முடிந்தது. தலைவர் காங்கின் மார்பில் கால் வைத்து நின்றபோது இவர் தியேட்டரில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு விசிலடித்தார்.

இவ்வளவு பேசுகிறவர் அந்த முதல் கறுப்பு–வெள்ளைப் படத்தைப் பற்றி மட்டும் அளவோடு பேசுவார். ஹிரோஷிமா முடிந்து ஒன்பது வருஷம். அதே 1954 மார்ச்சில், பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. நவம்பரில் படம் வந்தது. அதில் ஒரு மருத்துவமனைக் காட்சி. குழந்தையின் மேல் கதிர்வீச்சுமானியை வைத்துப் பார்ப்பார்கள். அங்கே நம்மவர் எழுந்து போவதில்லை. ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ படத்திலும், சாகப் பயந்து திரும்பிய தற்கொலைப்படை விமானியின் கதையை இடத்தை விட்டு அசையாமல் பார்த்தார். மனிதர்கள் நன்றாக இருந்தது அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அதே படம் 2024-இல் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வாங்கி, இயக்குநர் யமஸாகி குழு கையில் காட்ஜில்லா பொம்மையோடும் காலில் நகம் வைத்த காலணியோடும் வந்து நின்றதும் சமநிலைக்குத் திரும்பி, ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். யாருக்குக் கல்யாணம் என்று மேனேஜர் விசாரித்தார்.

வீட்டில் இந்த விஷயத்தில் அவருக்குத் துணை அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை டிவியில் 2019 படம் தமிழில் ஓடினால் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார். “இவன் நல்லவனா கெட்டவனாடா?”

“54-ல கெட்டவன்மா. 64-லேர்ந்து நல்லவனா மாற ஆரம்பிச்சான். 84-ல திரும்பக் கெட்டவன்...”

“உங்க பெரியப்பா மாதிரின்னு சொல்லு.”

அந்த மூன்று தலை நாகம் கிங் கிடோராவின் நடுத் தலை பக்கத்துத் தலையைக் கடித்து அதட்டும் இடம் அம்மாவுக்கு ஒப்பவில்லை. “மூணும் ஒரே வயித்துக்குத்தானே சாப்பிடுது, எதுக்கு அடிச்சுக்குதுங்க?” ராட்சத அந்துப்பூச்சி மோத்ரா நூலைப் பீய்ச்சியபோது, “அத்தனையும் பட்டாடா? வீணாப் போறதே” என்றார். மோத்ரா பொடிப் பொடியாக உதிர்ந்து தலைவருக்கு உயிர் கொடுத்தபோது அம்மாவும் பிள்ளையும் ஒரே துண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லா ராட்சதர்களும் தலைவரை வணங்கி, படம் முடிந்து, எழுத்து ஓட ஆரம்பித்தது. அம்மா கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தவர் நின்றார்.

“ஆமாண்டா, அந்தப் பொண்ணோட அப்பா அம்மா சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தாங்களே. நடுவுல அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன். கடைசில சேர்ந்தாங்களா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“எந்தப் பொண்ணும்மா?”