கிண்ண மறுப்பியல்: ஒரு முன்னாய்வு

1. ஆய்வுப் பொருள்

கழுவித் துடைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் கேன் தண்ணீர் ஊற்றிப் பூனைக்கு முன்னால் வைக்கிறோம். பூனை முகர்ந்து பார்க்கிறது. நம்மை ஏற இறங்கப் பார்க்கிறது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், வாளி விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, துணி அலசப் பிடித்து வைத்த போர்த் தண்ணீரை நிதானமாகக் குடிக்கிறது. நாயின் கதையும் இதுதான். அது எங்கெங்கே குடிக்கிறது என்பதை நல்ல குடும்பங்களில் வெளியே சொல்வதில்லை.

தமக்கென்று வைத்த நீரை விலக்கி, பிறர்க்கென்று இருக்கும் நீரை நாடும் இப்போக்கை இக்கட்டுரை 'கிண்ண மறுப்பு' என்று வழங்கும். "அதுக்குக் கொழுப்பு" என்று சொல்லி இதை முடித்துவிடுவது நம் மரபு. அக்கோட்பாடும் கீழே உரிய மரியாதையுடன் ஆராயப்படும்.

2. களமும் தரவாளர்களும்

ஆய்வுக் களம் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தரவாளர் இருவர். பஞ்சு என்னும் வெள்ளைப் பூனை. மணி என்னும் செம்பழுப்பு நாட்டு நாய். ஆய்வு அறத்தின்படி இருவரிடமும் ஒப்புதல் கேட்கப்பட்டது. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டது. இசைவு என்று கொள்ளப்பட்டது. மணி வாலை ஆட்டினான். அவன் ஊசி போட வந்தவருக்கும் வாலை ஆட்டுபவன் என்பதால் அந்த இசைவுக்கு அறிவியல் மதிப்பில்லை.

ஆய்வு நெறியாளர் என் அம்மா. "அந்தக் கிண்ணத்துல அப்படி என்னடா தேளா கெடக்கு?" என்று அவர் எழுப்பிய வினாவே இவ்வாய்வின் மைய வினா. புறநிலைத் தகவலாளராகக் குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணன் விளங்கினார்.

3. நீர்வகைத் திணைகள்

தரவாளர்கள் நீர் அருந்தும் இடங்களைத் தமிழ் மரபுக்கேற்ப ஐந்து திணைகளாகப் பகுக்கலாம்.

வாளித் திணை: நிலம் குளியலறை, பொழுது வைகறை, கருப்பொருள் பிளாஸ்டிக் குவளையும் சோப்புப் பெட்டியும், உரிப்பொருள் புணர்தல், அதாவது எட்டாத நீரை நாக்கு எட்டிவிடுதல்.

குழாய்த் திணை: நிலம் சமையலறைத் தொட்டி, பொழுது பாத்திரம் தேய்க்கும் நேரம், உரிப்பொருள் இருத்தல். யாராவது வந்து திறக்கும்வரை பூனை குழாயையே பார்த்தபடி ஆற்றியிருக்கும்.

டம்ளர்த் திணை: நிலம் கட்டிலருகே முக்காலி, பொழுது யாமம், ஒழுக்கம் களவு. மறுநாள் காலை டம்ளரில் ஒரு வெள்ளை மயிர் மிதக்கையில் அது அலராகும்.

மாடத் திணை: நிலம் பால்கனியில் துளசித் தொட்டியின் அடித்தட்டு, கருப்பொருள் காக்கை, உரிப்பொருள் அக்காக்கையோடு ஊடல்.

குட்டைத் திணை: நிலம் தெரு, பெரும்பொழுது கார், ஒழுக்கம் உடன்போக்கு. வார் பிடித்தவரை நாய் இழுத்துக்கொண்டு போதல் இதன்பாற்படும்.

அன்பின் ஐந்திணைக்கு அப்பால் இரண்டு உள. நாம் வாங்கி வைத்த கிண்ணம் கைக்கிளை. காதல் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால். கழிப்பறைக் கோப்பை பெருந்திணை. அதுபற்றி மேலும் பேசுதல் அவையடக்கம் ஆகாது. ஆனாலும் கழிப்பறை கழுவும் அமிலமும் வாசனைக் கட்டியும் கலந்த நீர் பிராணிகளுக்குக் கேடு என்பதால், மூடியை மூடி வைக்க என்ற ஒரு விதி மட்டும் ஈண்டு கூறப்படும்.

4. முன்னோர் மொழிந்தவை

பூனை நீர் அருந்துதல் அற்ப விஷயம் என்போர் கவனிக்க. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதிவேகப் படப்பிடிப்பில் பெயர்பெற்ற ஹெரால்டு எட்ஜர்டனின் உத்தியில் 1940-இல் வெளிவந்த 'குவிக்கர்ன் எ விங்க்' என்ற குறும்படத்தில் பூனை பால் குடிக்கும் காட்சி உண்டு. அப்படம் மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. பூனையின் நாக்கு நுனி கீழ்ப்புறமாகப் பின்னுக்கு மடங்குவதை உலகம் அதில் கண்டது.

எழுபது ஆண்டு கழித்து, 2010-இல், அதே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோமன் ஸ்டாக்கர் தம் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்து வியந்ததன் விளைவாக நால்வர் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதினர். பூனை நீரை அள்ளுவதில்லை. மடங்கிய நாக்கின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் மேலே விரைகிறது; ஒட்டிக்கொண்ட நீர் ஒரு தூணாக எழும்புகிறது; புவியீர்ப்பு அந்தத் தூணை அறுத்துக் கீழே இழுப்பதற்குள் பூனை வாயை மூடிவிடுகிறது. ஒரு நக்கலுக்குச் சுமார் 0.1 மி.லி.; நொடிக்கு ஏறத்தாழ நான்கு நக்கல். புலி, சிங்கம் முதலியன எவ்வளவு மெதுவாக நக்குகின்றன என்று அறிய அவர்கள் யூடியூப் காணொளிகளையும் பார்த்தார்கள் என்பது, அலுவலக நேரத்தில் அதையே செய்வோர்க்கு ஆறுதல் தரும்.

நாய் நாக்கைக் கரண்டியாக மடித்து அள்ளுகிறது என்றே நெடுநாள் நம்பப்பட்டது. 2011-இல் ஹார்வர்டின் கிராம்ப்டனும் முசின்ஸ்கியும் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்ததில், கரண்டியில் அள்ளியது பெரும்பாலும் வெளியே சிந்திவிடுகிறது என்றும், நாயும் பூனையைப் போல் நாக்கில் ஒட்டி எழும் நீரையே குடிக்கிறது என்றும் தெரிந்தது. வீட்டில் மணி குடித்த பின் தரை துடைப்பவர்கள் இதன் முதற்பாதியை எக்ஸ்ரே இன்றியே அறிந்திருந்தனர்.

இனி ஒரு கணக்கு. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மி.லி. நீர் என்பது பொது மதிப்பீடு. 4 கிலோப் பூனைக்கு 200 மி.லி. நக்கியே குடிப்பதானால், நொடிக்கு 0.4 மி.லி. வீதம், 500 நொடி. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் எந்தப் பூனையும் நாளுக்கு எட்டு நிமிடம் நமக்காக ஒதுக்குவதில்லை. அதன் முன்னோரான காட்டுப்பூனை நீர் அரிதான மேற்காசிய, வட ஆப்பிரிக்க நிலத்தது. எலியின் உடலில் பத்தில் ஏழு பங்கு நீர். உணவிலேயே தாகம் தீரும். சிறுநீரைக் கெட்டியாக்கி நீரைச் சேமிக்கும் திறமும் அதன் சிறுநீரகத்துக்கு உண்டு. ஆகவே பூனை நீரை நாடுவதே குறைவு. நாடும்போது தேர்ந்தெடுத்து நாடும். பையில் வரும் உலர் தீனியில் பத்தில் ஒரு பங்கே ஈரம் என்பதால், அதை மட்டும் தின்னும் பூனை கிண்ணத்தையும் மறுத்தால் கவலைப்பட இடமுண்டு.

5. கோட்பாடுகளும் தடைவிடைகளும்

*கொழுப்புக் கோட்பாடு.* நெறியாளரின் கோட்பாடு. தடை: கொழுப்பே காரணமானால் சாப்பாட்டுத் தட்டையும் மறுக்க வேண்டும், மீன் வைத்த தட்டை எந்தத் தரவாளரும் மறுத்ததாகச் சான்றில்லை. விடை: "சாப்பாட்டுக் கொழுப்பு வேற, தண்ணிக் கொழுப்பு வேற." நெறியாளரின் இவ்விடைக்குப் பின் விவாதம் தொடரவில்லை.

*தட்பக் கோட்பாடு.* நண்பகலில் பால்கனிக் கிண்ணத்து நீர் சுடுகிறது. இருண்ட குளியலறை வாளி குளிர்ந்திருக்கிறது. இதற்குத் தடை இல்லை. பானைச் சுவரில் நீர் கசிந்து ஆவியாகையில் உள்ளிருக்கும் நீர் குளிரும் என்பதால், மண்சட்டியில் வைத்த நீரை மணி ஏற்றுக்கொண்டான். பிறகு சட்டியையும் கடித்துப் பார்த்தான்.

*மீசைக் கோட்பாடு.* குறுகிய கிண்ணத்தில் மீசை உரசுவதால் பூனை வெறுக்கிறது என்பர். அகலத் தட்டையும் வழக்கமான தட்டையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில் பூனைகள் தின்ற அளவிலும் நேரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் இரண்டையும் வைத்துத் தேர்வைப் பூனையிடமே விட்டால் பெரும்பாலானவை அகலத்தையே நாடின. தடை: டம்ளரின் வாய் கிண்ணத்தினும் குறுகியது, அதற்குள் பஞ்சு மீசையோடு முகத்தையும் நுழைக்கிறது. மீசைக்கும் ஆசைக்கும் இடையே ஆசையே வெல்லும் என்க.

*ஓட்டக் கோட்பாடு.* சுமார் 25 செ.மீ.க்குள் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அசையாத நீரின் மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய, காலை விட்டுக் கலக்கியோ மூக்கை நனைத்தோ பார்க்க வேண்டியிருக்கிறது. சொட்டும் நீர் ஒளியாலும் ஒலியாலும் தன்னை அறிவிக்கிறது. இதை நம்பித்தான் பூனைகளுக்கென்று மின்சார நீரூற்றுகள் விற்கின்றன. ஆனால் 2010-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகளில், நீரூற்றால் எல்லாப் பூனையும் கூடுதலாகக் குடித்துவிடவில்லை. சிலது ஓடும் நீரை விரும்பியது, சிலது நின்ற நீரை. பூனை என்பது இனமன்று, தனிநபர் என்பதே அதன் பொருள்.

*சுவைக் கோட்பாடு.* இதை முன்வைத்தவர் வாட்ச்மேன் அண்ணன். "சார், உங்க கேன் தண்ணில ருசியே இல்ல சார். அதுக்குத் தெரியும்." நகைப்பதற்கில்லை. ஸ்வீடனில் 1950-களில் இங்வே சாட்டர்மன் முதலியோர், பூனையின் நாக்கு நரம்பில் வெறும் தண்ணீருக்கே மறுமொழி தரும் இழைகள் இருப்பதைக் காட்டினர். இனிப்பை அறியும் மரபணு பூனையிடம் பழுதுபட்டிருப்பது 2005-இல் அமெரிக்காவின் மோனெல் மையத்து ஆய்வில் தெரிந்தது. பாயசம் புரியாத அந்த நாக்குக்குப் பச்சைத் தண்ணீர் புரிகிறது. குளோரின் வாடையையும், கிண்ணம் தேய்த்த சோப்பின் எலுமிச்சை மணத்தையும் பூனையின் மூக்கு நம்மைவிட நுட்பமாக உணரும்.

6. கண்டடைந்தது

மேற்சொன்ன கோட்பாடுகள் ஒவ்வொன்றும் ஓரளவு உண்மை. எதுவும் முழுக்க உண்மையன்று. எனவே களத்தில் ஒரு சோதனை. கிண்ணம் இருந்த மூலையில் வாளியும், வாளி இருந்த இடத்தில் கிண்ணமும் வைக்கப்பட்டன. பஞ்சு குளியலறைக்குப் போய்க் கிண்ணத்தில் குடித்தது. வாளியை முகர்ந்து பார்த்து, நம்மை ஏற இறங்கப் பார்த்தது.

பாத்திரம் குற்றவாளியன்று என்று தெளிந்ததும் அந்த மூலை ஆராயப்பட்டது. சாப்பாட்டுத் தட்டுக்கு ஒட்டியே நீர் வைக்கும் வழக்கம் நம்முடையது. இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைத்துப் பழகியவர்கள் நாம். மீன் வாடை சூழ்ந்த இடத்து நீரை மோப்பத்தால் வாழும் உயிர் சந்தேகிக்கலாம். அடுத்து, கழுவிய அன்று குற்றமற்றதாயினும், பல நாள் அங்கே இருக்கும் எந்தக் கிண்ணத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்கலாம். வழவழக்கும். எச்சிலிலும் உணவுத் துணுக்கிலும் பெருகிய நுண்ணுயிர்ப் படலம் அது. மேலே தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும்.

இங்கேதான் ஆய்வின் முடிவு கிடைக்கிறது. வாளி நாள்தோறும் கவிழ்க்கப்படுகிறது, நமக்குக் குளிக்க வேண்டும். டம்ளர் கழுவப்படுகிறது, நமக்குக் குடிக்க வேண்டும். துளசிக்குத் தினமும் நீர் விடுகிறார் நெறியாளர், அவருக்குப் புண்ணியம் வேண்டும். கிண்ணத்து நீருக்கு மட்டும் நம் பங்கு எதுவும் இல்லை. ஆகவே அது மாற்றப்படுவதில்லை; குறைந்தால் மேலே நிரப்பப்படுகிறது. ஒரு வீட்டில் இருப்பதிலேயே பழைய தண்ணீர் எதுவென்றால், செல்லம் என்று கொஞ்சும் பிராணிக்குத் தனியாக வைத்த தண்ணீர்தான். பிராணி திருடிக் குடிக்கவில்லை. வீட்டார் தமக்கென்று வைத்துக்கொண்டதைத் தேர்ந்தெடுக்கிறது. விருந்துக்குப் போன இடத்தில் பந்தி பார்த்து உட்காரும் எவரும் இதைக் குறை சொல்ல முடியாது.

தடை: குட்டைத் தண்ணீர் அதனினும் பழையதாயிற்றே? விடை: நாய்க்குக் குட்டை என்பது தெருவின் நாளிதழ்; யார் வந்தார், யார் போனார் என்று நாக்கால் படிக்கிறது. ஆயினும் இதை ஊக்குவிக்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் எலிக்காய்ச்சல் கிருமி வாழும். அது நாயைத் தாக்கும், நாய் வழியாக நமக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு. வெளியே புறப்படுமுன் வீட்டிலேயே குடிக்க வைத்தால் இழுவையும் குறையும்.

7. பரிந்துரைகள்

நீரைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைக்க. கிண்ணம் அகலமாக, எவர்சில்வரிலோ பீங்கானிலோ இருக்க. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் படலம் ஒளிந்துகொள்ளும். நிரப்பற்க, கொட்டித் தேய்த்து ஊற்றுக. ஒன்றுக்கு இரண்டாக வேறு வேறு இடங்களில் வைக்க. வழக்கத்துக்கு மாறாகப் பூனை திடீரென்று நிறையக் குடிக்கத் தொடங்கினால் கோட்பாடு தேடாமல் மருத்துவரைத் தேடுக. சிறுநீரகக் கோளாறுக்கும் நீரிழிவுக்கும் அது அறிகுறி.

இவையனைத்தும் செய்தும் பலிக்காத வீடுகளுக்கு நெறியாளர் அருளிய இறுதி முறை ஒன்று உண்டு. நல்ல தண்ணீரை நல்ல சொம்பில் ஊற்றி, எட்டும் உயரத்தில் முக்காலிமேல் வைத்து, "அதுல வாய வெச்ச, தொலைச்சுப்புடுவேன்" என்று ஒருமுறை அதட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். பஞ்சுவிடம் இம்முறை தவறாமல் பலிக்கிறது. அதட்டலில் உண்மையான கோபம் வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. நடிப்பென்று தெரிந்தால், அந்தச் சொம்பும் கிண்ணமாகிவிடும்.