ஆகாயத்தில் அரை மணி

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி விமான நிலையம் வரையில், பூமி உருண்டை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கோடு இழுத்தால், தூரம் சுமார் 295 கிலோமீட்டர் என்றும், மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு அது 35 நிமிஷப் பிரயாணமே என்றும், ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் என் மைத்துனர் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் வகுத்துக் காட்டி, ரயிலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்த என்னைப் பரிதாபத்துடன் நோக்குவது வழக்கம். அவருடைய கணிதத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. நான் மீனம்பாக்கத்து ஓடுபாதையில் குடியிருக்கவில்லை, அவரும் திருச்சி ஓடுபாதையில் குடியிருக்கவில்லை என்பதே என் சங்கடம்.

என் ஜாகை பெரம்பூர். விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள் என்பது அவர்கள் உபதேசம். சென்னையின் போக்குவரத்தை உத்தேசித்து அதற்கும் ஒன்றரை மணி முன்னதாகக் கிளம்பி, சோதனை வாயிலில் பெல்ட்டை அவிழ்த்துத் தட்டில் வைத்து, வேஷ்டியின் பாரத்தைப் பகவானிடம் ஒப்படைத்துவிட்டு இரு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கும் வேளையில், பல்லவன் எக்ஸ்பிரஸோ வைகை எக்ஸ்பிரஸோ விழுப்புரத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

கால அட்டவணையில் அந்த 35 நிமிஷத்தையும் காணோம். அங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. விமானக் கம்பெனிகளின் கணக்கு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை இங்கே எடுக்கும் கணத்தில் ஆரம்பித்து, அங்கே மறுபடி வைக்கும் கணத்தில் முடிகிறது. நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறைக்காகக் காத்திருப்பதும், தாமதமானாலும் தாமதம் என்று பேர் வராமலிருக்கச் சற்றுத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் நிமிஷங்களும் அடக்கம். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தபோது இந்த உபத்திரவம் இருந்திராது. அவர் ஏற்றிச் சென்றவை கடிதங்கள், கடிதங்களுக்குப் பெல்ட் கிடையாது.

இத்தனைக்கும் மேலே ஒரு விசேஷம். திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. ஸ்ரீரங்கமோ வடக்கே, காவிரிக்கு அக்கரையில். ஆகவே வடக்கிலிருந்து வருகிற நான், ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊரை விட்டுத் தெற்கே போய் இறங்கி, டாக்ஸிக்காரரோடு வாடகை பேசி, திருச்சி நகரம் முழுவதையும் ஊடுருவி, பாலமேறி, வந்த திசையிலேயே திரும்பிப் போகவேண்டும். 236 அடி ராஜகோபுரத்தை ஜன்னல் வழியே மேலிருந்து சேவிக்கிற பாக்கியம் சிலருக்குக் கிடைக்கலாம். பல்லவன் எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே நின்று இறக்கிவிடுகிறது.

இவ்வளவையும் நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தபோது மைத்துனர் அசையவில்லை. "ஆகாசத்துல 35 நிமிஷம்தான் அத்திம்பேர். பாக்கியெல்லாம் நீங்க பெரம்பூர்ல இருக்கறதால வர்ற கஷ்டம்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அவர் சென்னைக்கு வருவது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில். கீழ்ப் படுக்கைக்காக, முன்பதிவு திறக்கிற நாளன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.