தென்னேரியில் இலையுதிர் காலமும் விளக்குமாற்றின் பங்கும்: ஓர் ஆய்வு

தென்னேரியில் இலையுதிர் காலம் உண்டு என்பதே இவ்வாய்வின் கருதுகோள். மறுப்பவர்கள் தவறான மாதத்தில் வந்து போனவர்கள். நவம்பரில் கியோட்டோவில் மேப்பிள் சிவக்கும். எந்த வாரம் எந்த மலை சிவக்கும் என்று முன்னறிவிப்பே வெளியாகும். அதே வாரங்களில் தென்னேரி இருக்கும் வாலாஜாபாத் வட்டாரத்துக்கு வரும் முன்னறிவிப்பு வடகிழக்குப் பருவமழையைப் பற்றியது. மன்னன் தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என வழங்கியதாகச் சொல்லப்படும் ஊரின் பெரிய ஏரி நிரம்ப வேண்டிய காலம் அது; மரங்கள் கரும்பச்சையில் இருக்கும். நம் இலை பழுப்பது மழை ஓய்ந்து மண் காயும் தை, மாசியில்தான்.

ஆய்வுப் பொருள், வீட்டு வாசலிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் நிற்கும் நாட்டு வாதுமை. ஊரார் வழக்கில் பாதாம் மரம். வேம்பும் புங்கும் இலை உதிர்த்தாலும் மஞ்சளோடு நின்றுவிடுகின்றன. பச்சையம் சிதைந்ததும், உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிவதால் வருவது அது. பாதாம் இலையோ சாகும் தறுவாயில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பைப் புதிதாகத் தயாரிக்கிறது. இந்த ஊதாரித்தனத்துக்குக் காரணம் என்ன என்று தாவரவியலாளர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நிறப் படிநிலைகளைக் குறிக்க மேல்நாட்டு வண்ண அட்டை தேவையில்லை. பட்டு நெய்யும் வட்டாரத்தில் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு, அரக்கு, கடைசியில் வெங்காயத் தோல் என்றாலே போதும். சில இலைகளில் நரம்போரம் மட்டும் பச்சை நின்று, மற்ற இடமெல்லாம் அரக்காகிவிடும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நிற்பதைப் போல.

ஆனால் உதிர்ந்த இலை தரையில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை மரம் தீர்மானிப்பதில்லை. விளக்குமாறு தீர்மானிக்கிறது. நல்ல வெளிச்சம் வருவது ஆறரைக்கு மேல். வாசல் பெருக்குவதோ அதற்கு வெகு முன்னால். இரவெல்லாம் விழுந்த அரக்கு இலைகள் விடியுமுன் ஓரமாகக் குவிக்கப்பட்டு, தண்ணீர் தெளிக்கப்பட்டு, கோலமும் முடிந்துவிடும். இந்த இடைவெளியில் குறுக்கிட முயன்றபோது பதிவான உரையாடல்:

“இன்னா தம்பி, குப்பைய போயி போட்டோ எடுக்கிற?”

“ரெண்டே நிமிஷம்மா, வெயில் வந்துடும்.”

“வெயில் வந்தப்புறம் வாசல் பெருக்கினா ஊரு சிரிக்கும். காலைத் தூக்கு.”

ஆய்வாளர் காலைத் தூக்கினார். தென்னங்குச்சி விளக்குமாறு அவர் நின்ற இடத்தையும் பாகுபாடின்றிப் பெருக்கியது.

எனவே படம் மரத்திலிருக்கும் இலையைத்தான் எடுக்க வேண்டும். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் சிவப்பு தானே எரியும். கேமராவின் தானியங்கி வெண்சமநிலையை அணைக்காவிட்டால், அது அந்தச் சிவப்பைக் கோளாறென்று கருதிச் சரிசெய்துவிடக்கூடும். மேற்கொண்டு நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

விளக்குமாறு எட்டாத இடம் என்று ஏரிக்கரையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அவர்கள் ஆடுகளைக் கணக்கில் கொள்ளவில்லை. பூவரசின் பழுத்த இலை கீழே விழுந்து நிறம் மங்குமுன்னே ஆட்டின் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

விளக்குமாற்றையும் ஆட்டையும் ஒருசேர வென்ற இலை ஒன்றுதான்: பனையின் காவோலை. காய்ந்தும் விழாமல், மரத்தின் கழுத்தைச் சுற்றி மாதக்கணக்கில் தொங்கும். மாலை வெயிலில் அதன் பழுப்பு, மேப்பிளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் பாதாம் மரத்தடியில் நாலு பேர் போனைத் தூக்கி நிற்கையில், பனையை அண்ணாந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லை. பார்ப்பவர் ஒருவர் இருந்தால் அவர் கையில் அரிவாள் இருக்கும். வேலிக்கு ஓலை வேண்டுமல்லவா? படமெடுக்க நினைப்பவர்கள் அவரை முந்திக்கொள்வது நல்லது.