பனையா, பாமா? வாலாஜாபாத் வட்டாரத்துப் பனைக் குடும்பத்தை இனங்காணல் குறித்த ஒரு முதனிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் ‘பாம்’ எனப்படுவது எது, ‘பனை’ எனப்படுவது எது, இரண்டும் ஒன்றுதானா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவ்வாய்வுக்கு நான்கு ஆண்டுகளும், மொட்டைமாடியில் எட்டுத் தொட்டிகளும், குடும்பத்தாரின் பொறுமையும் செலவிடப்பட்டன. இவற்றுள் முதலில் தீர்ந்தது மூன்றாவது.

1. ஆய்வுச் சிக்கல்

சிக்கல் கம்பெனி பஸ்ஸில் பிறந்தது. காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் இவ்வாய்வாளர் தம் மனைவியிடம் செல்போனில், “ரெண்டு பாம் சொல்லி வெச்சிருக்கேன். சாயந்திரம் எடுத்தாந்து மாடியில வெச்சுடுறேன். நீ யார்கிட்டயும் சொல்லாத, விலை ஜாஸ்தி” என்று சொன்னார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். “செடிங்க, பாம் செடி” என்று விளக்கிய பிறகு, “நான் தலைவலித் தைலம்னுல்ல நெனச்சேன்” என்றார் கடைசி சீட்டுக்காரர்.

தமிழ் எழுத்தில் வெடிப்பதும் தடவுவதும் முளைப்பதும் ஒரே சொல்லாக இருப்பது ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாத இடைவெளி. அவ்விடைவெளியில்தான் இக்கட்டுரை நுழைகிறது.

2. ஆய்வுக்களம்

வாலாஜாபாத், பாலாற்றங்கரை ஊர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. அதே நவாபின் பெயரைத் தாங்கி, அதே பாலாற்றின் மேல்பக்கத்தில், ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டை என்று இன்னோர் ஊரும் உண்டு. இவ்வாய்வாளர் தபாலில் வரவழைத்த பாம் விதைகள் முதலில் அந்த ஊருக்குப் போய், அங்கே ஒன்பது நாள் தங்கி, பிறகுதான் இங்கே வந்தன. ஊரையே இனங்காண முடியாத உலகில் மரத்தை இனங்காணப் புறப்பட்டதன் அருமையை வாசகர் உணர வேண்டும்.

பக்கத்தில் தென்னேரி. பெயரைப் பார்த்துத் தென்னை ஆய்வுக்கு ஏற்ற இடம் என்று இவ்வாய்வாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அங்கே செலவழித்தார். திரையனேரி என்பதே தேய்ந்து தென்னேரி ஆயிற்று என்று சொல்லுகிறார்கள். தென்னைக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. கரையில் நின்றவை பனைகள்.

கிழக்கே வண்டலூர் சாலையில் போனால் ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருளத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இவற்றுக்கு முன்னும் பின்னும் வந்த ஆலைகள் பல. ஆலை எதைச் செய்தாலும் முகப்பு பெரும்பாலும் ஒன்றே: ஒரு சுற்றுச்சுவர், மூன்று கொடிக்கம்பம், இரண்டு வரிசை பாம். கொடிக்கம்பத்தையும் பாமையும் தூரத்திலிருந்து பிரித்தறிவது தொடக்கநிலை ஆய்வாளருக்குக் கடினம். காற்றடித்தால் கொடி அசையும்; பாமில் ஓலை அசையும்.

3. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் மூத்த ஆய்வாளர் தொல்காப்பியர். வைரம் வெளிப்புறத்தில் இருந்தால் புல், உட்புறத்தில் இருந்தால் மரம் என்று மரபியலில் வரையறுத்து, ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எல்லாவற்றையும் புல்லின் உறுப்புகளாகவே அடுக்கினார். அதன்படி பனை ஒரு புல். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைப் பிரிவிலேயே வைக்கிறது. ஆக, அறுபது அடிப் பனையை அண்ணாந்து பார்ப்பவர் உண்மையில் புல்தரையைத்தான் பார்க்கிறார்.

18-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் லின்னேயஸ் இதற்கு நேர் எதிராக, பனைக் குடும்பத்தாரை ‘இளவரசர்கள்’ என்றார். அவர் ஊரில் பனை முளைக்காது என்பதை நினைவில் கொள்க. ஜெர்மனியின் மார்ட்டியஸ் 1823-இல் தொடங்கி மூன்று பெருந்தொகுதிகள் எழுதினார். 1956-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பனை வளர்ப்பில் பித்துக்கொண்டவர்கள் கூடிச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். அது பன்னாட்டுப் பனைச் சங்கமாக இன்றும் நடக்கிறது. இச்செய்தியை இவ்வாய்வாளர் வீட்டில் எடுத்துச் சொன்னபோது, “அவங்க வீட்லயும் துணி காயப்போட எடம் இல்லியா?” என்ற எதிர்வினா எழுந்தது. அது தனி ஆய்வுக்குரியது.

4. முறையியல்

கள ஆய்வு முழுவதும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியே, சீட்டு கிடைத்த நாட்களில் மட்டும் நிகழ்ந்தது. ஓடும் பஸ்ஸில் இருந்து செய்யத்தக்க சோதனைகள் இரண்டே.

முதலாவது, விசிறியா சீப்பா என்னும் சோதனை. ஓலை விசிறி போல விரிந்தால் பனை, தாளிப்பனை வகை. நடு மட்டையின் இரு பக்கமும் சீப்புப் பல் போலக் கீற்று இருந்தால் தென்னை, கமுகு, ஈச்சை வகை. ஒவ்வொரு கீற்றும் மீன்வாலாகக் கிழிந்து, கீற்றுக்குள் கீற்றாகப் பிரிந்திருந்தால் அது கூந்தல்பனை. கூந்தல்பனை உச்சியில் முதல் பாளையை விட்டு, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து, கடைசிப் பாளை முடிந்ததும் பட்டுப்போகும். பணி ஓய்வை இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிடும் உயிர் இந்தத் தொழிற்பேட்டையில் வேறு இல்லை.

இரண்டாவது, மழைச் சோதனை. சீப்பு ஓலையின் கீற்று ஓடை போல மேல்நோக்கி மடிந்து, மழைநீரைத் தாங்கினால் ஈச்சை. கூரை போலக் கவிழ்ந்து நீரை இருபுறமும் வழியவிட்டால் தென்னை. ஈச்சையின் அடிக்கீற்றுகள் முள்ளாக மாறியிருக்கும். இதைக் கண்ணால் காணத் தவறுபவர் கையால் அறிவார்.

5. வகைப்பாடு

அ) வாயிற்காவல் பாம். ராயல் பாம் என்பது இதன் வழக்குப் பெயர். சொந்த ஊர் கியூபா வட்டாரம். நடுவில் பருத்த வெண்சாம்பல் தண்டு, அதன்மேல் வழவழப்பான பச்சைக் கழுத்து. லாரியில் படுத்தபடி வந்து, கிரேனில் எழுந்து, சவுக்குக் கழிகளின் முட்டுக்கொடுப்பில் நின்று, மறுநாளே பணியில் சேர்ந்துவிடும். இதன் பேரினப் பெயரான ‘ராய்ஸ்டோனியா’வில் இருப்பது ராயல் அல்ல, ராய். ராய் ஸ்டோன் என்னும் அமெரிக்க ராணுவப் பொறியாளரின் நினைவாக 1900-இல் வைத்த பெயர். அவர் நல்ல சாலைகளுக்காக இயக்கம் நடத்தியவர். அவர் பெயர் கொண்ட மரம் நம் சாலையோரம் நின்று குண்டுகுழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆ) வரவேற்பறைப் பாம். பாட்டில் பாம் மொரீஷியசைச் சேர்ந்த ரவுண்ட் தீவின் குடிமகன். அங்கே காட்டில் ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம் இருந்தது. இங்கே ரிசப்ஷனுக்கு இரண்டு வீதம். ஃபாக்ஸ்டெயில் பாமின் ஊர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. கீற்றுகள் நடு மட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் முளைத்து நரிவால் போலத் தோன்றும். தன் மண்ணின் அறிவைத் தாங்கிய கடைசி மனிதராகக் கருதப்பட்ட வோட்யெட்டி என்ற பழங்குடிப் பெரியவரின் பெயரை 1983-இல் இதற்குச் சூட்டினார்கள்.

இ) பாம் அல்லாத பாம். ‘சைகஸ் பாம்’ பூக்காத பழங்குலத்தைச் சேர்ந்தது. பனைக்கும் அதற்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. விசிறி போல நிற்கும் ‘டிராவலர்ஸ் பாம்’ வாழைக்கு ஒன்றுவிட்ட உறவு. இவை ஒப்பந்தத் தொழிலாளர் போல: சீருடை ஒன்று, பதிவேடு வேறு.

ஈ) பதவியில்லாப் பனை. தமிழ்நாட்டின் மாநில மரம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்பது. பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச்சபைக்கு ஆளெடுத்தார்கள். ஊராட்சிக்கு ஆள் தேர்ந்த ஓலைக்கு இன்று ஆலை வாசலில் வேலை இல்லை.

6. தொட்டிச் சோதனையும் அதன் அதிர்ச்சி முடிவும்

இவ்வாய்வாளர் நர்சரி ஒன்றில் இரண்டு கன்றுகள் வாங்கினார். ஒன்று ‘அரிகா பாம்’, மற்றது ‘ஃபாக்ஸ்டெயில்’.

பாக்கு மரத்தின் அறிவியல் பெயர் அரிகா கட்டேச்சு. மலையாளத்து அடக்காவை, அதாவது நம் அடைக்காயை, போர்ச்சுகீசியர் நாக்கு மடங்கி ‘அரிகா’ என்று எடுத்துச் சென்றார்கள். லத்தீனில் ஏறிய அப்பெயர் பிறகு சுமார் 2,500 இனங்கள் கொண்ட மொத்தக் குடும்பத்துக்கும் ‘அரிகேசியே’ என்று குடும்பப் பெயராயிற்று. கியூபாக்காரன், மொரீஷியஸ்காரன், ஆஸ்திரேலியாக்காரன் அத்தனை பேருக்கும் நம் வெற்றிலைப் பாக்குதான் இனிஷியல்.

ஆனால் நர்சரியில் அரிகா என்று விற்பது அரிகா அல்ல. மஞ்சள் தண்டோடு கொத்தாக வளரும் அது மடகாஸ்கர் செடி, பாக்குக் காய்க்காது. வெளியூர் போன நம் பெயர், யாரோ ஒருவனுக்கு ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது.

ஃபாக்ஸ்டெயில் என்று வாங்கிய கன்றுக்கு மூன்று ஆண்டு ஆகியும் நரிவால் வரவில்லை. பிஞ்சில் பல பாம்களுக்கு ஓலை இரண்டாகப் பிளந்தே இருக்கும்; அந்த வயதில் இனங்காணல் பிரசவ வார்டில் ஜாதகம் பார்ப்பது போன்றது. ஊரிலிருந்து வந்த மாமியார் தொட்டியைப் பார்த்து, “பாக்கு மரத்தை எதுக்கு மாப்ள தொட்டியில வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அரிகா கேட்டவனுக்கு மடகாஸ்கரும், நரிவால் கேட்டவனுக்கு அசல் அரிகாவும் கிடைத்தது தெரியவந்தது. மாமியார் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர்.

7. ஆணா பெண்ணா என்னும் தீராச் சிக்கல்

இனம் தெரிந்தாலும் பனையில் பால் தெரியாது. ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம். பாளை விடும்வரை வித்தியாசம் எதுவும் இல்லை. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும், சில வேளை அதற்கும் மேல். விரல் விரலாகப் பாளை தொங்கினால் ஆண். நுங்குக் குலை வந்தால் பெண். கல்கத்தா அருகே ஹௌரா தாவரவியல் பூங்காவில் 1894-இல் நட்ட இரட்டைத் தேங்காய்ப் பனை ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பூத்தபோதுதான் அது பெண் என்று தெரிந்தது. நட்டவர் யாரும் அந்தச் செய்தியைக் கேட்க இல்லை.

இதற்கு விரைவுத் தீர்வு கண்டவர் ஒருவரே. செய்யாற்றுத் திருவோத்தூரில், காய்க்காத ஆண்பனைகளைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிக் காய்க்கும் பெண்பனைகளாக்கினார் என்பது தலவரலாறு. அம்முறையை இவ்வாய்வாளர் மொட்டைமாடியில் மீண்டும் செய்து பார்க்கவில்லை. குரல்வளம் ஒரு தடை.

வேறு வழியின்றி, ஏரிக்கரைப் பனையடியில் நின்று பாளையை அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ள மாநிலத்தில், பனைமரத்தடியில் பால் குடித்தாலும் என்ன சொல்வார்கள் என்பது பழமொழி. பால் ஆய்வு செய்தாலும் அதையேதான் சொல்கிறார்கள்.

8. கண்டடைவு

மேற்கண்ட தரவுகளால் பெறப்படும் விதி ஒன்றே: காசு கொடுத்து வாங்கினால் பாம், தானே முளைத்தால் பனை. இலை, தண்டு, பாளை எதுவும் இதை மாற்றுவதில்லை.

இவ்விதியைக் கொண்டு, காசு கொடுத்ததற்கே மதிப்பு அதிகம் என்று முடிவுகட்ட வேண்டாம். 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றது. லாரியில் வந்த ராயலை எடுக்க மேலாளர் தலையசைத்தால் போதும். மதிப்பு எங்கே என்பதை வாசகரே எடைபோடலாம்.

9. ஆய்வின் வரம்புகள்

இரவு ஷிப்டு வாரங்களில் எல்லாப் பனையும் ஒரே இனமாகத் தெரிந்தது. நுங்குப் பருவத்தில் மாதிரிகள் சேகரித்த இடத்திலேயே அழிந்தன.

10. முடிவும் பரிந்துரையும்

“தென்னைய வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வெச்சவன் பாத்துட்டுச் சாவான்” என்பார்கள். இனங்காணல் என்பது கடைசியில் காத்திருத்தல்தான் என்பதை இவ்வளவு சுருக்கமாக மார்ட்டியஸின் மூன்று தொகுதிகளும் சொல்லவில்லை. கிரேனில் வந்து நிற்பதற்குப் பெயர்ப்பலகை போதும். பனைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

ஆதலால் வட்டாரத்து மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானே விழும். மிதித்துப் போகாமல் கொட்டையை எடுத்து, ஏரிக்கரையில் ஒரு சாண் குழியில் போட்டு மூடிவிடுங்கள். பழத்துக்கு மூன்று கொட்டைவரை இருக்கும். மற்றதை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். தை பிறந்ததும் கிழங்குக்கு ஆசைப்பட்டுத் தோண்டாமல் இருப்பதே இதில் கடினமான கட்டம்.

இவ்வாய்வாளர் சென்ற புரட்டாசியில் நட்டவை பன்னிரண்டு. கொல்லை மணலில் நட்ட ஏழும் பொங்கலன்று மஞ்சள் போட்டு அவிக்கப்பட்டன; ஆய்வாளரும் இரண்டு தின்றார். ஏரிக்கரையில் நட்ட ஐந்தும் ஒற்றை ஓலை விட்டிருக்கின்றன.