புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய குரோனோகிராஃப் கடிகாரங்கள்: வரவு, பயன், பயனின்மை

குரோனோகிராஃப் என்பது மணி காட்டுவதோடு நில்லாமல், ஒரு காரியம் தொடங்கி முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் தனியே அளந்து சொல்லும் கைக்கடிகாரம். சாவித் திருகுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள் இருக்கும். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட நொடி முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டுக்குத் தாவும். ஓடிய நிமிடங்களை டயலுக்குள் இருக்கும் சின்ன வட்டங்கள் கணக்கு வைக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தகைய கடிகாரம் கட்டியிருந்தவர்கள் அந்தப் பொத்தான்களை எதையேனும் அளப்பதற்காக அழுத்தியதற்குச் சான்று இல்லை. குழந்தை அழுகையை நிறுத்த அழுத்தியதற்கு ஏராளமான சான்றுகள் உண்டு.

இக்கருவியை முதலில் செய்தவர் பிரான்சின் லூயி முவானே. 1816-இல் அவர் அதைச் செய்தது வானியல் ஆராய்ச்சிக்காக. ஐந்தாண்டு கழித்து, 1821-இல், பாரிஸ் நகரக் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியுசெக் என்பவர் தமது கருவியைச் சோதித்தார். குதிரை எல்லையைத் தாண்டும் நொடியில் அது டயலின் மேல் ஒரு சொட்டு மை வைத்தது. ஆக, குரோனோகிராஃப் பிழைப்புத் தேடிய முதல் இடம் பந்தயத் திடல். இந்தக் குறிப்பு புதுக்கோட்டை ஆய்வாளருக்கு மிகுந்த நம்பிக்கை தரும். ஏனெனில் இம்மாவட்டத்தில் பந்தயத்துக்குப் பஞ்சமில்லை.

அந்த நம்பிக்கை மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்திலேயே உடைந்துபோகிறது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரிவு பிரித்து, போய்வர இத்தனை மைல் என்று தூரம் குறித்து நடப்பது இப்பந்தயம். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது ஆண்டுக்கு மேலாகியும் எல்கை மாடுகள் மைலிலேயே ஓடுகின்றன. பழைய குரோனோகிராஃப் பலவற்றின் விளிம்பில் வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவுகோல் உண்டு. ஒரு மைலைக் கடக்க ஆகும் நொடிகளைக் கொண்டு மணிக்கு எத்தனை மைல் என்று அதில் படித்துக்கொள்ளலாம். கடிகாரமும் பந்தயமும் இவ்வளவு தூரம் பொருந்திவந்த பிறகு இரண்டு இடையூறுகள் எழுகின்றன. ஒன்று, அந்த அளவுகோல் வழக்கமாக 60-இல் முடிந்துவிடும். அதற்குக் குறைந்த வேகம் அதற்குத் தெரியாது. மாடு அந்த 60-ஐ எட்டாது. மற்றொன்று, எல்கையில் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊர் வண்டி முன்னால் வந்தது, சாரதி யார் என்றுதான் கேட்கிறார்கள்.

ஜல்லிக்கட்டின் நிலையும் இதுவே. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகத் தச்சங்குறிச்சியில் நடக்கிறது. அங்கே தொடங்கி மாவட்டம் முழுக்க வாடிவாசல்கள் திறக்கின்றன. காளை பிடிபட்டதா இல்லையா என்பதை மைக் பிடித்திருக்கும் கமிட்டிக்காரர் தீர்ப்பார். அவர் கையில் கடிகாரம் இருந்தாலும் அது தீர்ப்பில் தலையிடாது. வடமாடு மட்டும் விதிவிலக்கு. நீளமான வடத்தில் கட்டிய காளையை ஒன்பது பேர் கொண்ட அணி பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். பழைய குரோனோகிராஃப்களில் நிமிடம் எண்ணும் வட்டம் பெரும்பாலும் 30 வரை போகும். வடமாட்டுக்கென்றே சுவிட்சர்லாந்தில் செய்ததுபோல் கச்சிதமான பொருத்தம். நடைமுறையில் அந்த 20 நிமிடத்தையும் செல்போன் அளந்துவிடுகிறது.

அதே 30 நிமிட வட்டத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு. ஒரு நாழிகை 24 நிமிடம். அது வட்டத்துக்குள் அடங்கி, ஆறு நிமிடம் மிச்சமும் தரும். ஆனால் ராகு காலம் 90 நிமிடம். முள் மூன்று சுற்று சுற்ற வேண்டும், எத்தனையாவது சுற்று என்பதைக் கட்டியவரே நினைவில் வைக்க வேண்டும். வால்ஜூ 72 போன்ற இயந்திரங்களில் 12 மணி நேரம் எண்ணும் வட்டம் தனியே இருப்பதால் இச்சிக்கல் இல்லை. தினசரி காலண்டர் வைத்திருப்பவருக்கு இரண்டுமே தேவையில்லை.

மாவட்டத்தில் நிமிடத்தின் மதிப்பை உண்மையாக உணர்ந்தவர்கள் தனியார் பேருந்துக்காரர்களே. முன்னால் போக வேண்டிய வண்டி இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டால் பேருந்து நிலையத்தில் எழும் வாக்குவாதம் எந்தக் கடிகார ஆலையின் சோதனைக்கூடத்திலும் எழாதது. அங்கே கருவியாக இருப்பவர் டைம் கீப்பர். அவருடைய தொடக்கப் பொத்தானும் நிறுத்தப் பொத்தானும் விசில்தான்.

இனி, தேவையே இல்லாத ஊருக்கு இந்தக் கடிகாரங்கள் எப்படி வந்தன என்பது. இந்தியாவில் கிடைத்த நல்ல கடிகாரம் எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் தொடங்கியது. அதன் ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் பக்கப் பொத்தான் கிடையாது. பைலட் என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. வெளிநாட்டுக் கடிகார இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆகவே வழி பெட்டிவழி. ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களில் பர்மா, மலேயா, இலங்கையிலிருந்து வந்த சாமான்களோடு சுவிஸ் கடிகாரங்களும் சேர்ந்திருக்கும். பின்னாளில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்தும் அறந்தாங்கிப் பக்கமிருந்தும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன சபுராளிகள் விடுமுறைக்கு வரும்போது கையில் சீக்கோவோ சிட்டிசனோ கட்டி வந்தார்கள். கையில் கட்டியது சொந்தப் பொருள். பெட்டியில் இருப்பதுதான் சுங்கத்துக்கு உரியது என்பது அக்காலத்துப் பயணிகளின் சட்ட விளக்கம்.

இவற்றுள் ஆய்வுக்கு உகந்தது சீக்கோ 6139. உலகின் முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் எது என்ற சண்டையில் 1969-இல் மூன்று தரப்புகள் இருந்தன: எல் பிரிமெரோ இயந்திரத்தோடு வந்த ஸெனித்; ஹோயர், பிரைட்லிங் முதலியோர் கூட்டு; ஜப்பானில் சத்தமில்லாமல் விற்பனையைத் தொடங்கிய சீக்கோ. சண்டை இன்னும் ஓயவில்லை. 6139-க்குச் சாவி கொடுக்க முடியாது; கை அசைந்தால்தான் ஓடும். திருகைப் பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறி மாறி வந்தால் அந்தக் கடிகாரம் வளைகுடாச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். பின்மூடியில் உள்ள எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 41 என்று தொடங்கினால் 1974 ஜனவரி.

அம்மாதத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று. அன்றைக்கு ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் வில்லியம் போக் என்ற அமெரிக்கர் இருந்தார். முறையான அனுமதியின்றி அவர் கொண்டுபோயிருந்த மஞ்சள் டயல் 6139-உம் இருந்தது. மாவட்டம் பிறந்த வேளையில் அதன் தலைக்கு மேல் ஒரு சீக்கோ சுற்றிக்கொண்டிருந்தது என்பது மறுக்க முடியாதது. இதனால் விளைந்த நன்மை என்னவென்று இன்னும் நிறுவப்படவில்லை.

ஊருக்குள் வந்த கடிகாரம் கைமாறியது கல்யாணத்தில். மோதிரமும் வாட்சும் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் போடுவது வழக்கம். கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்துகளில் ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் உண்டு. மாமனார் போட்ட வாட்சுக்கு எந்த நோட்டிலும் வரவு இல்லை. சேகரிப்பாளரின் பெரிய தலைவலி இதுதான். பொருளின் பூர்வீகத்தை அறிய மாமனாரைக் கேட்க வேண்டும். கேட்டால் மற்ற விஷயங்களும் வெளியே வரும்.

அடுத்த தலைவலி டயல் மறுபூச்சு. 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் வேறு பின்மூடியும் புது டயலும் இருந்திருந்தால் யாரும் எட்டிப்பார்த்திருக்க மாட்டார்கள். உலகச் சேகரிப்பாளர் மங்கிய டயலுக்குக் காசு கொடுக்கிறார். இம்மாவட்டத்து உரிமையாளர், டயல் மங்கிவிட்டதே என்று வருந்தி, ரிப்பேர் கடையில் புது பெயின்ட் அடிக்கச் சொல்லி அதற்குக் காசு கொடுக்கிறார். இருவரும் ஒரே பொருளுக்காகச் செலவழிக்கிறார்கள். ஒருவர் செலவு மற்றவர் செலவை வீணாக்குகிறது. எழுத்து தடித்தும் கோடுகள் வட்டத்தை விட்டு விலகியும் இருந்தால் டயல் மறுபூச்சு கண்டது என்று அறியலாம்.

வாங்க நினைப்பவர் மேல் பொத்தானை அழுத்தி முள்ளை ஓடவிட்டு, முழுதாக நிறுத்திய பிறகே கீழ்ப் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடும்போது அழுத்தினால் உள்ளே பழுதாகலாம். நொடி முள் சரியாகப் பன்னிரண்டில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தான்கள் இறுகிப்போய் அசையவே மறுத்தால் பதற வேண்டாம்: ஐம்பது ஆண்டாக எதையும் அளக்காத புதுக்கோட்டைக் கடிகாரம் என்பதற்கு அதுவே நம்பகமான அடையாளம். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விற்பவரிடம் அதைச் சொல்லாமல், ரிப்பேர் என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளலாம்.