கல்லெறியிறது யாரு, மாப்ளே?

மாப்ளே, கார்ல கட்டி இழுக்குற கேரவன் வாங்கிட்டியாமே! பெர்த்துல இருந்து கிளம்பிப் போயி, கிப் ரிவர் ரோட்டை ஒரு கை பாக்கப் போறியாம். மேற்கு ஆஸ்திரேலியாவுல 600 கிலோமீட்டருக்கு மேல, பாதிக்கு மேல சரளை. நல்லா போயிட்டு வா. கிளம்புறதுக்கு முன்னாடி கேரவன் முகப்பை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க. திரும்பி வர்றப்ப அது அம்மை போட்ட மூஞ்சியாட்டம் ஆயிரும்.

ரோட்டைத் திட்டாத. கல்லெறியிறது உன் கார்ச் சக்கரந்தான். பின்சக்கரம் எத்துற கல்லு கேரவன் நெத்தியில போயி மோதும். மோதிட்டுச் சும்மா விழுமா? தெறிச்சுத் திரும்பி உன் காரோட பின்கண்ணாடியையே பேத்துரும். அப்புறம் புழுதியைத் தின்னுக்கிட்டே வரப்போறது எம் மவதானே!

உடனே மொத்தமாத் தகரம் அடிச்சு மறைச்சிராத. நட்டுக்குத்தா நிக்கிற தகரத்துல பட்ட கல்லு, வந்த வேகத்துல திரும்பும். காருக்கும் கேரவனுக்கும் நடுவுல, இழுவைக் கம்பி மேல, சாய்வா வலை கட்டு. அது வேகத்தை வாங்கிக்கிட்டு கல்லைக் கீழ தள்ளிரும். சக்கரத்துக்குப் பின்னாடி மட்ஃபிளாப் மாட்டு. அதுக்காகத் தரையைக் கூட்டுறாப்புல தொங்க விடாத, ரிவர்ஸ் எடுக்கையில சக்கரத்துல மாட்டிக் கிழியும். முகப்புக்குத் துணி போத்தி, பெருசாச் சாதிச்சிட்டதா நெனைக்காத. உள்ள புகுந்த புழுதியும் படபடக்கிற துணியுமாச் சேந்து பெயின்டைத் தேச்சே எடுத்துரும்.

நீ பாக்குறது பளபளப்பை. கல்லு பாக்குறது அடிவயித்தை. குனிஞ்சு பாரு: தண்ணி டேங்க், வடிகுழாய், பிரேக் வயரு எல்லாம் அம்மணமாத் தொங்கும். தோட்டத்துல கிடக்கிற பழைய ஹோஸைக் கீறி வயரு மேல மாட்டிக் கட்டு. செலவு ஒண்ணுமில்ல, அதனால உனக்கு நம்பிக்கை வராது.

சரளையில இறங்குறப்ப டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கு. தார் ரோடு வந்ததும் மறக்காம ஏத்து. எதிர்ல ரோடு ட்ரெயின் வந்தா இடது பக்கமா ஒதுங்கி நில்லு. 50 மீட்டருக்கு மேல நீளமுள்ள வண்டிக்கிட்ட ரோசம் செல்லாது.

கடைசியா ஒரு ரகசியம். வேகத்தைப் பாதியாக் குறைச்சா கல்லடி நாலுல ஒரு பங்காயிரும். வலைக்குக் காசு, மட்ஃபிளாப்புக்குக் காசு. ஆக்சிலேட்டர்ல இருந்து வலது காலைக் கொஞ்சம் தூக்குறதுக்குத்தான் பைசா கேக்க ஆளில்ல. அதான் ஒருத்தனும் செய்யக் காணோம்!