நமுத்தது வேறு, மெத்தென்றது வேறு: பட்டர்ஸ்காட்ச் குக்கி குறித்தோர் ஆராய்ச்சி

பிஸ்கட்டைக் கடித்தால் 'மொறுக்' என்று சத்தம் வர வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் துணிபு. சத்தம் வராவிட்டால், டப்பாவைச் சரியாக மூடாதவர் யார் என்ற விசாரணை தொடங்கும். பழி பெரும்பாலும் வீட்டிலேயே ஆகச் சிறியவர் தலையில் விழும். இப்படிப்பட்ட சமூகத்தில் ஒருவர் காசையும் கரண்டையும் செலவழித்து, வேண்டுமென்றே மெத்தென்ற பிஸ்கட்டைச் செய்து வைக்கிறார் என்றால், அவர் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? பட்டர்ஸ்காட்ச் குக்கியின் மென்மை குற்றமா, குணமா என்பதே இவ்வாய்வின் வினா.

இதெல்லாம் ஆராய்ச்சியா என்று முகம் சுளிப்போர்க்கு ஒரு முன்னுதாரணம்: பிஸ்கட்டைத் தேநீரில் எப்படித் தோய்ப்பது என்று கணக்கிட்ட இயற்பியலாளர் லென் ஃபிஷருக்கு 1999இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஈரமாகிப்போகும் பிஸ்கட்டை ஆராய்ந்தார். யாம் ஈரமாகவே பிறக்கும் பிஸ்கட்டை ஆராய்கிறோம். எமது துறை அவருடையதைவிட மூத்தது என்பது தாழ்மையான கருத்து.

வரலாற்றைப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. பட்டர்ஸ்காட்ச், இங்கிலாந்தின் டான்காஸ்டரில் சாமுவேல் பார்க்கின்சன் 1817இல் விற்கத் தொடங்கிப் புகழ்பெற்ற மிட்டாய். 1851இல் அவ்வூருக்கு வந்த விக்டோரியா மகாராணிக்கே அதைக் கொடுத்து உபசரித்தார்கள். வெண்ணெயையும் பழுப்புச் சர்க்கரையையும் 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி இறக்கிய, பல்லுக்கு வேலை வைக்கிற கெட்டிச் சரக்கு அது. நம்மவர்க்கோ அது ஐஸ்கிரீம் வழியாகத்தான் அறிமுகம். அங்கும் பெருமை, நடுவே கடிபடும் முந்திரிச் சில்லுக்கே. ஆக, இதன் பரம்பரையில் மென்மை என்ற பேச்சே இல்லை. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, மாவில் சாக்லேட் துண்டுகளைச் சேர்த்துக் குக்கி சுட்டார். அந்த வம்சத்தில் பிற்பாடு சாக்லேட் இருந்த இடத்தில் பட்டர்ஸ்காட்ச் சில்லுகள் வந்து உட்கார்ந்தன.

இனிச் சட்டம் சொல்வது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி உண்டு, கேக்குக்குக் கிடையாது. ஜாஃபா கேக் இவற்றுள் எந்தச் சாதி என்ற வழக்கு 1991இல் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. அங்கு எடைபோடப்பட்ட காரணங்களுள் ஒன்று பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது: பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமுக்கும். ஜாஃபா கேக் இறுகியது. கேக் என்றே தீர்ப்பானது. இந்த அளவுகோலை நம் குக்கியின் மேல் வைத்துப் பாருங்கள். அதுவும் நாள்பட்டால் இறுகத்தான் செய்கிறது. அப்படியானால் அது பிஸ்கட் குலத்தில் பிறந்து கேக் குலத்தில் மூப்படைகிறது என்பது போதரும். நமுத்த பிஸ்கட்டோ காற்றிலிருந்து ஈரத்தைக் கடன் வாங்கியது. மெத்தென்ற குக்கியின் ஈரம் சொந்தச் சம்பாத்தியம்.

அந்தச் சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு பழுப்புச் சர்க்கரையிலிருந்து. அதில் ஒட்டியிருக்கும் கரும்புப்பாகு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் லேசான புளிப்பு சமையல் சோடாவையும் தட்டி எழுப்பும். கடையில் 'பிரவுன் சுகர்' என்று எழுதி, காய்ந்த மணல் மாதிரி உதிர்கிற சரக்கையும் விற்கிறார்கள். அது உதவாது. உள்ளங்கையில் அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டைபோல் பிடி நிற்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை போடலாமா என்றால், சலித்துவிட்டுப் போடலாம். பணியார வாசனை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். எமக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

வெண்ணெயில் இரு கட்சி உண்டு. சர்க்கரையோடு சேர்த்து நுரைக்க அடிப்போர் ஒரு சாரார்; உருக்கி ஊற்றுவோர் மறுசாரார். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களுள் மறுத்தலும் ஒன்றாதலின், முதற்கட்சியை இங்கே மறுக்கிறோம். அடித்த வெண்ணெய் காற்றைச் சுமப்பதால் குக்கி கேக்காட்டம் உப்பும். உருக்கிய வெண்ணெயில் அந்தக் காற்று இல்லை. வெண்ணெயில் இருக்கும் ஏறக்குறைய 16 விழுக்காட்டுத் தண்ணீர் மைதாவோடு சேர்ந்து, மெல்லுவதற்கு வேண்டிய இழுவையைத் தரும். அடுப்பில் வெண்ணெயை வைத்தால் நம் கை அதை நெய்யாக்காமல் விடாது. அங்கேதான் எச்சரிக்கை தேவை. நெய்யில் தண்ணீர் ஏது? அதில் செய்தால் வாயில் பொடிந்து உதிரும் நெய் பிஸ்கட்தான் கிடைக்கும். தன்னளவில் உயர்ந்த பண்டம்தான், ஆனால் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்பது.

அளவு கேட்போர்க்கு: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 150, வெள்ளைச் சர்க்கரை 50, முழு முட்டை ஒன்று, மஞ்சள் கரு மட்டும் இன்னொன்று, மைதா 190, சமையல் சோடாவும் உப்பும் அரைத் தேக்கரண்டி வீதம், வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, பட்டர்ஸ்காட்ச் சில்லுகள் 150. மைதா விழுந்தபின் ரொம்பக் கிளற வேண்டாம். ஐஸ்கிரீமின் மேல் தூவும் மொறுமொறு 'நட்ஸ்' பாக்கெட்டைச் சில்லு என்று நினைத்துப் போட்டால், அதிலுள்ள சர்க்கரைப் பாகு உருகி, ஓடி, தட்டில் ஒட்டி, கத்தியால் சுரண்டும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிசைந்ததை ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். உருகிய வெண்ணெய் இறுகினால்தான் குக்கி அப்பளமாகப் பரவாது. பிறகு நாற்பது கிராம் உருண்டைகளாக்கினால் பதினெட்டு வரும்.

இனி முடிவான பூசல். நன்றாகச் சூடேறிய ஓவனில், 175 டிகிரியில், பதினோராம் நிமிடம். ஓரம் பொன்னிறம், நடுப்பகுதி இன்னும் பளபளவென்று, தொட்டால் குழியும் பதத்தில் இருக்கும். எம் வீட்டு அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நடுவுல மாவாவே இருக்கேம்மா. இன்னும் ரெண்டு நிமிஷம் விடேன்."

"இப்படித்தான் எடுக்கணும் அத்தை. தட்டுச் சூட்டுலயே மிச்சம் வெந்துடும்."

"வேகாத மாவத் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?"

இம்மதத்தை எளிதில் தள்ள முடியாது; இட்லி முதல் அதிரசம் வரை இதுவே நம்மைக் காத்து வந்திருக்கிறது. ஆயினும் குக்கி விஷயத்தில் மருமகள் பக்கமே நியாயம். அடுப்பை விட்டு வந்த பிறகும் சூடான தட்டு வேலையை நிறுத்துவதில்லை. பத்து நிமிடத்தில் நடுப்பகுதி தானே பதத்துக்கு வந்துவிடும். ஓவனுக்குள்ளேயே அந்தப் பதம் வரட்டும் என்று காத்திருந்தால், ஆறியபின் கிடைப்பது அத்தைக்குப் பிடித்த மொறுமொறு பிஸ்கட். அத்தையின் யோசனையில் உள்நோக்கம் உண்டோ என்ற ஐயம் எமக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாளைக்கு மிஞ்சினால், டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியும் போட்டு மூடுங்கள். ரொட்டியின் ஈரத்தைக் குக்கி இழுத்துக்கொள்ளும். ரொட்டி காய்ந்து விறைக்கும். அந்த ரொட்டி யாருக்கு என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.